இடது பக்கத்து இருக்கை

தொக்தொகுல் என்ற மலையூரின் வாடகை வண்டி நிறுத்தத்தில் எப்போதும் இரண்டு கட்சிதான். ஒன்று ஜெர்மன் கட்சி, இன்னொன்று ஜப்பான் கட்சி. ஆட்சி மாறினாலும், பெட்ரோல் விலை ஏறினாலும், இந்தச் சண்டை மட்டும் ஓய்ந்ததே இல்லை. மைரம்பெக் பல வருஷம் ஜெர்மன் கட்சியில் இருந்துவிட்டு, ஒரு வசந்தகாலத்தில் கட்சி மாறினான். பெண்டாட்டி பேச்சைக் கேட்டுத்தான் மாறினான் என்று நிறுத்தத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அது உண்மையும்கூட.

அவனுடைய பழைய ஜெர்மன் வண்டி கறுப்பு நிறம். ஐரோப்பாவில் யாரோ ஓட்டி முடித்துத் தள்ளிவிட்டது. ஏற்றத்தில் அது ஏறும் அழகே தனி. அலாபெல் கணவாயில் லாரிகள் முக்கி முனகிக்கொண்டிருக்கும்போது, அது ஒரு உறுமலோடு எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். ஆனால் அந்த உறுமலுக்கு அவன் மனைவி ஜூரா கொடுத்த விலை அவளுக்குத்தான் தெரியும். குளிர் காலையில் போய்ப் பார்த்தால், அடியில் தாங்கும் காற்றுப்பை இறங்கிப்போய் வண்டி படுத்த ஒட்டகம்போலக் கிடக்கும். அதைச் சரிசெய்தால் கியர்பெட்டி மக்கர் பண்ணும். கியர்பெட்டியைத் திறந்தால், இதற்கெல்லாம் காரணம் எங்கோ உள்ளே இருக்கும் ஒரு மின்பலகை என்பார்கள். அசல் பாகம் வாங்கினால் ஒரு பசுமாட்டை விற்க வேண்டும். நகல் வாங்கினால் அடுத்த பனிக்கு முன் இன்னொரு தடவை வாங்க வேண்டும். ஜூராவின் தேன்பெட்டிகளில் இருந்து வந்த காசு முழுக்க அந்தக் கறுப்பு வண்டியின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் ஒருநாள் சோறு பரிமாறாமல் அடுப்பங்கரை வாசலில் நின்றபடி சொல்லிவிட்டாள்.

"நானா அந்த வண்டியான்னு முடிவு பண்ணுங்க. ரெண்டு பேருக்கும் வைத்தியம் பாக்க இந்த வீட்ல வசதி கிடையாது."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சில நாள் திரிந்தான். பிறகு கறுப்பு வண்டியை விற்றுவிட்டு ஒரு ஜப்பான் வண்டியை வாங்கி வந்தான். வெள்ளை நிறம், ஏழு பேர் உட்காரலாம். ஸ்டியரிங் வலது பக்கம்; சாலையில் வலது ஓரமாகவே ஓட்டும் அந்த நாட்டில் மற்ற வண்டிகளுக்கு அது இடது பக்கம்.

"எண்ணெய மாத்து, தண்ணிய ஊத்து, சாவியத் திருப்பு. அவ்வளவுதான் அதோட வேலை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சொன்னதுபோலவே அது ஒருநாளும் படுக்கவில்லை. மூக்கு உறையும் குளிரிலும் முதல் திருப்பிலேயே கிளம்பியது.

ஜெர்மன் கட்சிக்குத் தலைவர்போல இருந்தவர் ஒர்மோன். மைரம்பெக்குக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை, அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் 'பைக்கே', அண்ணன். புது வண்டியைச் சுற்றி வந்து டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க தம்பி. நம்ம ரோட்டுல நீ உக்கார்ற இடம் பள்ளத்துப் பக்கம். முன்னாடி லாரி போனா எதிர வர்றது உனக்குத் தெரியாது. தெரியறது இடது பக்கம் உக்காந்திருக்கிறவனுக்குத்தான். கண்ண இரவல் வாங்கி ஓட்டப்போற."

"பைக்கே, உங்க வண்டி ரோட்டுல ஓடுனாத்தானே எதிர வர்றதப் பாக்கணும்?" என்றான் மைரம்பெக். "மெக்கானிக் கொட்டாயில நிக்கிற வண்டிக்கு எந்தப் பக்கம் ஸ்டியரிங் இருந்தா என்ன?"

ஜப்பான் கட்சிக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஒர்மோனும் சிரித்தார். ஆனால் போகும்போது ஜூராவைப் பார்த்து, "கெலின், நீ கூடவே போ. தெரியாதவனை நம்பி விடாதே" என்றார். அவளுக்குப் பேரப்பிள்ளை எடுக்கும் வயது நெருங்கிவிட்டது. இருந்தும் அந்தக் குடும்பத்துப் பெரியவர்களுக்கு ஜூரா இன்னும் கெலின்தான், வீட்டுக்கு வந்த மருமகள்.

அவளும் கூடவே போனாள். எப்படியும் தேனைத் தலைநகர் பிஷ்கெக் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பெட்டிகளைப் பின்னால் அடுக்கிவிட்டு, இடது பக்கத்து முன்னிருக்கையில் உட்கார்ந்துகொள்வாள். முதல் பயணத்திலேயே முன்னால் ஒரு லாரி வந்து வழியை அடைத்தது. மைரம்பெக் கழுத்தை நீட்டிப் பார்த்தான், வண்டியை நடுக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் ஒடித்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

"ஜூரா, எதிர ஏதாவது வருதா?"

"இல்ல. போங்க."

அவன் போனான்.

அந்த ஒரு கணத்தை ஜூரா நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவன் அவளிடம் எதையும் கேட்டுச் செய்தவன் இல்லை. வீடு கட்டியபோது கேட்கவில்லை. மகளை ஓஷ் நகரத்தில் கட்டிக்கொடுத்தபோதும் கேட்கவில்லை. இந்தச் சாலையில் மட்டும் ஒவ்வொரு லாரிக்கும் கேட்டான். அவள் 'போங்க' என்றால் போனான், 'இருங்க' என்றால் இருந்தான். மறுபேச்சு கிடையாது. நாளாக ஆக அந்தக் கேள்வியும் சுருங்கி, "ஜூரா?" என்ற ஒற்றைச் சொல்லாகிவிட்டது. பின்னால் ஐந்து பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் உயிரும் தன் புருஷன் உயிரும் தன் நாக்கு நுனியில் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த இருக்கையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. முன்னிருக்கைக்குக் கூடுதல் காசு தர ஆள் இருந்தும், "அது என் இடம்" என்று சொல்லிவிடுவாள்.

இரண்டாவது கோடையில்தான் அது ஆரம்பித்தது. முன்கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல்.

"கண்ணாடி அழுக்கா இருக்கு" என்றாள். அவன் இறங்கித் துடைத்தான். சிச்கான் பள்ளத்தாக்கில் இறங்கும்போது மறுபடியும் அதே மங்கல். அவளே இறங்கி, தலைத்துணி முனையால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை.

மறுநாள் தேன்பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு மறு கண்ணை. தோட்டத்துக் கோடியில் இருந்த நீலப் பெட்டிகள் வலது கண்ணுக்குச் சாம்பல் நிறமாக இருந்தன. இடது கண்ணுக்கு அவை பெட்டியாகவே தெரியவில்லை. கண்புரை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. அவளுடைய அம்மாவுக்கும் அது இருந்தது. பிஷ்கெக் போனால் சரிசெய்து கொடுப்பார்கள். ஊரில் பலரும் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் மைரம்பெக்கிடம் சொன்னால், அந்த நிமிஷமே அவளைப் பின்னால் உட்காரச் சொல்லிவிடுவான். தேன் சீசன் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சொல்லாமலே சமாளிக்கவும் கற்றுக்கொண்டாள். மலைச்சாலையில் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் வருவார்கள். வண்டியின் உருவம் தெரியாவிட்டாலும் இரண்டு பொட்டு வெளிச்சம் தெரியும். வெளிச்சம் இருந்தால் 'இருங்க', இல்லாவிட்டால் 'போங்க'. சந்தேகமாக இருந்தாலும் 'இருங்க'.

"என்ன இப்பல்லாம் ரொம்ப பயப்படற?" என்று மைரம்பெக் முணுமுணுத்தான். பயணம் நீண்டுகொண்டே போனது. பின்னால் இருப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். நிறுத்தத்தில் ஒர்மோன், "என்னப்பா, ஜப்பான்ல இப்ப ஆமையும் செய்றாங்களா?" என்று கேட்டார். அதன்பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாக 'போங்க' சொல்லத் தொடங்கினாள்.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஒருநாள், வெளிச்சம் எதுவும் தெரியவில்லை என்று 'போங்க' சொன்னாள். லாரிக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு பெரிய ஹாரன் சத்தம் முகத்துக்கு நேரே வந்தது. மைரம்பெக் எப்படி ஒடித்தானோ, லாரிக்காரன் எப்படி ஒதுங்கினானோ, எதிரே வந்த பழுப்பு வேன் ஒரு சாண் இடைவெளியில் கிழித்துக்கொண்டு போனது. பின்னால் ஒரு பெண் கலிமா சொல்லத் தொடங்கியிருந்தாள்.

சிச்கானில் ஒரு தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லாப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டான்.

"அவன் லைட் போடல."

அது உண்மைதான். அவன் தலையாட்டினான். அவள் கெட்டிலை எடுத்து அவனுக்குத் தேநீர் ஊற்றப் போனாள். அவன் மெதுவாகக் கை நீட்டி, கிண்ணத்தைத் தன் பக்கம் இருந்து அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினான். எதற்கு நகர்த்துகிறான் என்று அவள் யோசிக்கவில்லை. கிண்ணம் நிரம்பும் சத்தம் கேட்டதும் கெட்டிலை வைத்தாள். வாங்கியவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "கிளம்பலாம்" என்று எழுந்தான்.

நவம்பர் வந்தது. ஒரு காலை, பயணிகள் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒர்மோன் கையில் ஒரு பையோடு வந்து நின்றார். அவருடைய வண்டி மூன்று நாளாகப் படுத்துக் கிடக்கிறது, டீசல் பம்பு போய்விட்டது, பிஷ்கெக் உதிரிபாகச் சந்தையில் தேடினால்தான் கிடைக்கும்.

"வாங்க பைக்கே, வாங்க!" மைரம்பெக்குக்குக் குஷி தாங்கவில்லை. "ஜெர்மன் கட்சித் தலைவர் ஜப்பான் வண்டியில! எல்லாரும் பாத்துக்கங்கப்பா! பம்பு என்ன விலையாம்?"

"கேக்காத. சொன்னா உனக்கு நெஞ்சு வலி வந்துடும். எனக்கு ஏற்கெனவே வந்தாச்சு."

"அந்தக் காசுக்கு இந்த வண்டியில பாதி வாங்கலாம்."

"பாதி வண்டியத்தானே நீயும் ஓட்டுற? ஒரு பக்கம்தான் தெரியுது உனக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஒர்மோன் நடு வரிசையில், இரண்டு முன்னிருக்கைகளுக்கும் இடையே முகம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். கல்யாணத்துக்குப் போகும் ஒரு தம்பதியும், கல்லூரிக்குத் திரும்பும் ஒரு பெண்ணும் மற்ற இடங்களில் இருந்தார்கள். ஜூரா பின்னால் திரும்பி எல்லோருக்கும் குருத் என்ற காய்ந்த தயிர் உருண்டைகளை நீட்டினாள். ஒர்மோன் ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டார்.

பள்ளத்தாக்கு முழுக்க ஈரமும் பனிமூட்டமும். அலாபெல் கணவாயில் ஏறும்போது ஒரு லாரி குறுக்கிட்டது.

"ஜூரா?"

"இருங்க."

எதிரே எதுவுமே வரவில்லை. லாரி நிதானமாக ஊர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "ஜூரா?" என்றான். அவள் தயங்கி, "ம்... போங்க" என்றாள். அவர்கள் தாண்டி முடித்ததும் ஒரு கார் எதிரே வந்து கடந்தது. ஆபத்தான தூரம் இல்லை. ஆனால் அது வந்ததை அவள் சொல்லியிருக்க வேண்டும். ஒர்மோன் குருத்தை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"கெலின்," என்றார் சாதாரணமாக, "அதோ முன்னாடி போற அடுத்த லாரி பின்னால என்னமோ எழுதியிருக்கே, என்னது அது?"

"எனக்கு எழுத்துல எங்க புத்தி போகும் பைக்கே? நான் ரோட்டப் பாக்கறேன்."

"சரி. அதுல என்ன ஏத்தியிருக்கான், ஆடா நிலக்கரியா?"

ஜூராவுக்குக் காது சூடானது. முன்னால் ஒரு கறுப்பு மொத்தை மட்டும் ஆடிக்கொண்டு போனது.

"நிலக்கரி" என்றாள்.

"ம்" என்றார் ஒர்மோன். அது நிலக்கரிதான். ஆனாலும் அவர் இருக்கையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து சாலையைப் பார்த்தார். அவர் மூச்சு தன் தோளுக்குப் பின்னால் படுவதை ஜூரா உணர்ந்தாள். இவ்வளவு நேரம் கேலி பேசி வந்த மைரம்பெக், இப்போது இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு லாரியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சூசமிர் சமவெளிக்கு வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. தரையில் கிடந்த பனியை அள்ளி, சாலையின் குறுக்கே பால் ஊற்றியதுபோல ஓடவிட்டது. வானமும் வெள்ளை, நிலமும் வெள்ளை. நிலக்கரி லாரி மட்டும் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து பறந்த தூசி முன்கண்ணாடியில் படிந்தது. நேர் சாலை. வழக்கமாக எல்லோரும் தாண்டுகிற இடம் அதுதான்.

"ஜூரா?"

அவள் பார்த்தாள். வெள்ளை. வெளிச்சப் பொட்டு எதுவும் இல்லை. இன்னொரு தடவை பார்த்தாள். வெள்ளைக்குள்ளே வெள்ளை. 'எனக்குத் தெரியல' என்று சொல்வதற்கு வாய் திறந்ததாக அவள் பிற்பாடு சத்தியமே பண்ணியிருப்பாள். ஆனால் பழகிய வாய், பழகியதைச் சொன்னது.

"போங்க."

வண்டி இடது பக்கம் ஒடித்து முன்னேறியது. லாரியின் பக்கவாட்டுக்கு வந்தபோது ஒர்மோன் கத்தினார்.

"இரு! டேய் இரு! குதிரைடா!"

ஜூராவுக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெள்ளையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று பிரிந்து உயர்ந்தது. கழுத்து, பிடரி, அதற்கு மேலே ஒரு மனிதனின் தொப்பி. சின்னக் குதிரைக்கூட்டம் ஒன்றைச் சாலையோரமாக ஓட்டிக்கொண்டு வந்த மேய்ப்பன், பனிக்காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். மைரம்பெக் பிரேக்கை மிதித்தான். வண்டி வழுக்கியது. ஒரு கனமான சத்தம், கண்ணாடி நொறுங்கும் சத்தம், அதற்குப் பிறகு குதிரையின் அலறல். வண்டி சாலையை விட்டு இறங்கிப் பனியில் முட்டி நின்றது. லாரி நிற்காமல் போய்விட்டது.

உள்ளே யாருக்கும் பெரிய அடி இல்லை. கல்லூரிப் பெண் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டதில் ரத்தம் வந்தது. ஜூரா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். ஓடும்போதே கால் இடறி விழுந்தாள். மேய்ப்பன் பனியில் மல்லாந்து கிடந்தான். இளைஞன் இல்லை, கிழவனும் இல்லை. கிட்டத்தில் போனபிறகுதான் அவன் முகம் அவளுக்குத் தெரிந்தது. கண் திறந்துதான் இருந்தது.

"கால் எங்க இருக்குன்னு தெரியல எஜே" என்றான் அவளைப் பார்த்து. அக்கா என்று கூப்பிட்டது அவள் நெஞ்சைப் பிடுங்கியது.

"இருக்கு தம்பி, இருக்கு. அசையாத. உன் பேரென்ன?"

"அசனாலி. என் குதிரை?"

குதிரை எழப் பார்த்துப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. தொலைவில் இருந்த கூடாரத்தில் இருந்து இன்னொரு மேய்ப்பன் ஓடிவந்தான். நிலைமையைப் பார்த்தான். இடுப்புக் கத்தியை எடுத்துக்கொண்டு குதிரைப் பக்கம் போனான்.

ஆம்புலன்ஸ் அந்தச் சமவெளிக்கு வந்து சேர நேரமாகும். ஒர்மோனும் மைரம்பெக்கும் நடு இருக்கையை மடக்கி, கம்பளியைப் போட்டு, அசனாலியைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். மற்ற பயணிகளை வேறொரு வண்டி ஏற்றிக்கொண்டது. முன்பக்கம் பாதி நசுங்கி, ஒரு விளக்கு தொங்கிக்கொண்டிருந்த வண்டியில் மைரம்பெக் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே கிளம்பியது. எதுவுமே நடக்காததுபோல அதே அமைதியான சத்தம்.

ஒர்மோன் இடது பக்கத்து முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஜூரா பின்னால் தரையில் குந்தி, அசனாலியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். மலையைக் குடைந்த சுரங்கப்பாதையின் புகையில் எல்லோரும் இருமினார்கள். அந்தப் பக்கம் இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் முன்னால் இருந்து குரல்கள் வந்தன.

"பைக்கே?"

"இரு. ரெண்டு வருது. ஒண்ணு போச்சு. இன்னொண்ணு நீல பஸ். இப்போ போ."

நீல பஸ். ஜூரா அந்த நிறத்தைக் காதால் கேட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

மலையடிவாரத்துக் கராபால்தா ஆஸ்பத்திரியில் அசனாலியை உள்ளே கொண்டுபோனார்கள். இடுப்பெலும்பும் தொடையும் முறிந்திருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனி குதிரையேறுவது கஷ்டம் என்றார் டாக்டர். ஒரு போலீஸ்காரர் வந்து, வண்டியைப் பார்த்துவிட்டு, யார் ஓட்டியது என்று கேட்டார்.

"நான்தான்" என்றான் மைரம்பெக். "பனிக்காத்து. குதிரை திடீர்னு வந்துடுச்சு."

"இல்ல," என்றாள் ஜூரா. "நான்தான் போகச் சொன்னேன். எனக்கு..."

"நீ வாய மூடு."

போலீஸ்காரர் இருவரையும் பார்த்தார். வண்டியின் வலது பக்க ஸ்டியரிங்கைப் பார்த்தார். அப்படிப்பட்ட கதைகள் அவருக்குப் புதிதல்ல போலும். "ஓட்டினவர் சொன்னா போதும்மா" என்று சொல்லிவிட்டு அவனை மட்டும் அழைத்துக்கொண்டு போனார்.

அவன் திரும்பி வந்தபோது அவள் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒர்மோன் தேநீர் வாங்கப் போயிருந்தார். அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்குக் கண்ணு தெரியலங்க. கோடையில இருந்தே" என்றாள். அடிப்பான், அல்லது அழுவான் என்று எதிர்பார்த்தாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"அன்னைக்கு சிச்கான் கடையில நீ டீய மேஜையில ஊத்தப் போன. கிண்ணத்த நான்தான் நகத்தினேன். அப்பவே தெரியும்."

நடைவழியில் யாரோ ஒரு வண்டிக்கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே தூரத்தில் தேய்ந்தது.

"தெரிஞ்சுமா என்னைக் கேட்டீங்க?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லல. நானும் கேக்கல." கைகளைப் பிசைந்தான். "ரெண்டு மாசமா ஒண்ணும் ஆகலையே ஜூரா. வண்டி நல்லா ஓடிட்டிருந்தது. நீ இல்லன்னா வேற ஆளப் பாக்கணும். ஆஸ்பத்திரி, செலவு... குளிர்காலம் முடியட்டும்னு நெனச்சேன். பாதி நேரம் நானே யூகிச்சுத்தான் போவேன். நீ சொல்றது ஒரு... ஒரு பழக்கம் மாதிரி."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அவன் முகம் ஓரங்கள் கரைந்து தெரிந்தது. இத்தனை நாள் தன் சொல்லைக் கேட்டு அவன் நடந்தான் என்று நினைத்திருந்தாள். அதற்காகத்தான் வாயைத் திறக்காமல் இருந்தாள். அவன் அவள் சொல்லைக் கேட்டு நடந்ததே இல்லை. பொய் சொன்னது அவள். பொய் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டது அவன். நடுவில் முகம் தெரியாத ஒருவன் பனியில் விழுந்து கிடந்தான்.

சாயங்காலத்துக்கு முன் அசனாலியின் மனைவி வந்து சேர்ந்தாள். தூமார் என்று பெயர். கன்னமெல்லாம் குளிரில் வெடித்து, மேய்ச்சல் வாசனையோடு இருந்தாள். புருஷனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மைரம்பெக் மன்னிப்புக் கேட்டதை எல்லாம் நின்று கேட்டுக்கொண்டாள். பிறகு ஜூராவின் பக்கம் திரும்பினாள். சாலையில் வாழ்கிறவர்களுக்கு வண்டிகளைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"வலது ஸ்டியரிங் வண்டிதானே? இடது பக்கம் யார் இருந்தது?"

"நான்" என்றாள் ஜூரா.

தூமார் அவளை வெகுநேரம் பார்த்தாள். திட்டவில்லை. தன் கையில் இருந்த பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். மைரம்பெக் ஆஸ்பத்திரிச் செலவையும் இரண்டு பெண்குதிரைகளையும் கொடுத்தான். அசனாலி வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். கோலூன்றி நடக்கிறான் என்றும், கூட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு அடிவாரத்தில் இருக்கிறான் என்றும் பிறகு கேள்விப்பட்டார்கள். வண்டியைச் சரிசெய்ய ஒரே ஒரு நாள்தான் ஆனது. சந்தையில் அதே நிறத்தில் பழைய முன்மூடி ஒன்று மலிவாகக் கிடைத்தது. "பாத்தீங்களா பைக்கே, இதே உங்க வண்டியா இருந்திருந்தா?" என்று மைரம்பெக் ஆரம்பித்தான். ஒர்மோன் அவனை ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அந்த வருஷத்தில் இருந்து இரண்டு கட்சிகளும் அவன் எதிரில் வண்டிப் பேச்சு பேசுவதில்லை.

வசந்தத்தில் ஜூரா தனியாக மினிபஸ்ஸில் பிஷ்கெக் போய், இரண்டு கண்களுக்கும் சிகிச்சை செய்துகொண்டாள். கட்டு அவிழ்த்த அன்று ஜன்னலுக்கு வெளியே இருந்த பாப்ளர் மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

அதன்பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. கூப்பிட்டுப் பார்த்தான். "இப்பதான் நல்லாத் தெரியுதே?" என்றான். அவள் தேன்சட்டியை அலம்பிக்கொண்டிருந்தாள். அவன் இரண்டாவது தடவை கேட்கவில்லை. வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றாகத் தூங்கினார்கள், மகளோடு தொலைபேசியில் பேசினார்கள். ஆனால் அவளுடைய பெயரைக் கேள்விபோல அவன் உச்சரிக்கும்போதெல்லாம், உப்பு எங்கே என்று கேட்பதற்காக இருந்தாலும், அவளுக்குக் கை சில்லிட்டுப் போகும்.

கோடையில் அவள் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் மேஜை போட்டு, தேன் புட்டிகளை அடுக்கி உட்கார்ந்தாள். வெயிலில் புட்டிகள் மஞ்சளாக எரிந்தன. புதுக் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை. போகிற வண்டிகளில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். வலது பக்கமாக இருந்தால், அவள் பார்வை தானாகவே இடது பக்கத்து இருக்கைக்குப் போகும். அங்கே யாரோ ஒரு மனைவி, யாரோ ஒரு மாமனார், சில நேரம் மடியில் குழந்தை.

ஒரு காலை மைரம்பெக்கின் வெள்ளை வண்டி ஊருக்குள் இருந்து வந்தது. ஏழு பேரும் நிறைந்திருந்தார்கள். இருக்கைகளுக்கு மேல் மூட்டைகள். முன்னால் ஒரு மாட்டு லாரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. மைரம்பெக் இடது பக்கம் சாய்ந்து ஏதோ கேட்பதை அவள் பார்த்தாள். அந்த இருக்கையில் ஒரு இளைஞன் இருந்தான். காதில் பாட்டுக் கம்பி, தலை குனிந்து, கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலே தலையை ஆட்டினான்.

ஜூரா எழுந்து நின்றாள். கையைத் தூக்கினாள். கத்தினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. வெள்ளை வண்டி நடுக்கோட்டைத் தாண்டி ஒடித்து, லாரிக்குப் பக்கத்தில் ஏறி, மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்தத் திசையில் இருந்து சத்தம் எதுவும் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.